நாலு மணிக்கு எழுதிய நேரலை

தங்கையின் இடது காதிலிருந்து தோடு கழன்று விழுந்ததை அம்மாதான் முதலில் பார்த்தாள். "ஐயோ, தோடு!" என்று கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டினாள், டிவிக்குள் கைவிட்டு எடுத்துக் கொடுத்துவிடலாம் என்பதுபோல. நேரலை நிகழ்ச்சி, வெட்டி ஒட்ட முடியாது. தோடு மேடையில் உருண்டு போனது, மைக்கில் 'டிங்' என்று சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. தங்கை குனிந்து அதை எடுத்தாள், கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தாள், பார்வையாளர்கள் சிரித்துவிட்டார்கள்.

அக்காவின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. தோடு விழுந்தது, உருண்டது, தங்கை கண்ணடித்தது, அந்த 'டிங்' உட்பட அத்தனையையும் அவள் நாலு மணிக்கே எழுதி அனுப்பியிருந்தாள். இப்போது மணி ஆறே முக்கால்.

அவளுக்கு வேலையே அதுதான். ஒரு தினசரியின் ஞாயிறு இணைப்பில் வாரா வாரம் டிவி பற்றி எழுதுவது. எந்தத் தொடரில் செத்துப்போன மாமியார் திரும்பி வந்தாள், எந்தப் பாட்டுப் போட்டியில் நடுவர் எத்தனை தடவை மூக்கைச் சிந்தினார், யாருடைய ரேட்டிங் ஏறியது, யாருடையது குப்புற விழுந்தது என்று அரட்டை அடிப்பதுபோல ஒரு பத்தி. கீழே 'ரிமோட்டுக்காரி' என்று கையெழுத்து. பன்னிரண்டு வருடமாக எழுதுகிறாள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போய்விடும். தங்கை நடத்தும் 'ஆறரை அரங்கம்' சனிக்கிழமை ஆறரைக்குத்தான் தொடங்கும். ஊரே பார்க்கிற நிகழ்ச்சியைப் பற்றி நாலு வரி இல்லையென்றால் ஆசிரியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் ஒரு ஏற்பாடு. விருந்தாளி யார், பாட்டு எப்போது, பரிசு எப்போது என்கிற நிகழ்ச்சி நிரலைக் காலையிலேயே தங்கை போனில் அனுப்பிவிடுவாள். அதை வைத்துக்கொண்டு, உட்கார்ந்து பார்த்த மாதிரியே அக்கா எழுதிவிடுவாள். நம்பும்படி இருக்க, யாரும் சரிபார்க்க முடியாத ஒரு சில்லறை விஷயத்தை நடுவில் செருகுவாள். போன மாதம் மூன்றாவது வரிசையில் ஒரு பெரியவர் தூங்கினார். அதற்கு முந்தின வாரம் ஒரு குழந்தை கொட்டாவி விட்டது.

இந்த வாரம் தோடு. ஏன் தோடு என்று அவளுக்குத் தெரியும். அது அம்மாவின் தோடு. பெரியவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், "அவதானே நாலு பேர் முன்னாடி நிக்கறா" என்று சின்னவளுக்கு எடுத்துக் கொடுத்தாள் அம்மா. கட்டிலோடு கிடக்கிற அம்மாவைக் குளிப்பாட்டுவதும், காலுக்குத் தைலம் தேய்ப்பதும், இராத்திரி நாலு தடவை எழுந்து திருப்பிப் படுக்க வைப்பதும் பெரியவள். அதனால் தோடு விழட்டும் என்று எழுதினாள். ஒரு அற்ப சந்தோஷம், அவ்வளவுதான்.

தற்செயல் என்று ஒரு வாரம் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். வியாழக்கிழமை ரேட்டிங் வந்தது. தோட்டை எடுத்துக் கண்ணடித்த அந்த ஒரு நொடியை ஆளாளுக்குப் போனில் சுற்றவிட்டிருந்தார்கள். ஐந்தாவது இடத்தில் இருந்த நிகழ்ச்சி மூன்றாவது இடத்துக்கு ஏறியிருந்தது. அவளுக்கு வயிறு எரிந்தது. விழுந்தால்கூட இவளுக்கு ஏறத்தான் செய்யுமா?

அடுத்த சனிக்கிழமை, சோதித்துப் பார்ப்பதற்கென்றே எழுதினாள். ஹாலில் அம்மா மதியத் தூக்கத்தில் இருந்தாள். மின்விசிறி சுற்றுகிற சத்தமும் தைல வாசனையும், வெயிலில் காய்ந்த திரைச்சீலையின் மக்கிய நெடியும் கலந்து வீடு முழுக்க மந்தமாகக் கிடந்தது. 'விருந்தாளியை வரவேற்கும் நேரத்தில் பாவம், இருமல் பிடித்துக்கொண்டது' என்று அவள் தட்டச்சு செய்து முடித்தபோது, ஹாலில் யாரோ இருமினார்கள்.

எட்டிப் பார்த்தாள். அம்மா வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். டிவி அணைந்திருந்தது. கறுப்புத் திரைக்குள்ளிருந்து, தொண்டையை அடக்கிக்கொண்டு, மறுபடி ஒரு இருமல் வந்தது. தங்கையின் இருமல். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளுக்கு அது தெரியாமலா இருக்கும்.

அன்று மாலை நேரலையில் தங்கை இருமினாள். முக்கால் நிமிடம், கண்ணில் நீர் முட்டும் வரைக்கும். விருந்தாளியே தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். வியாழக்கிழமை நிகழ்ச்சி இரண்டாவது இடத்தில் இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வேண்டும் என்று அவளுக்கே தோன்றியது. ஆனால் பன்னிரண்டு வருடம் எழுதி, ஒரு ஆள்கூட "நீங்கதானா அது?" என்று கேட்டிராத ஒருத்தியின் விரலுக்கு முதல் முறையாக இப்படி ஒரு பலம் வந்திருக்கிறது. யாரால் சும்மா இருக்க முடியும்? மூன்றாவது வாரம், 'மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம்' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அணைந்த டிவியிலிருந்து யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காதைப் பொத்திக்கொண்டாள். அன்று மாலை தங்கையின் வெளிர்மஞ்சள் உடையில், கழுத்துக்குக் கீழே, ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஊர் உச்சிமேல் வைத்துக் கொண்டாடியது. ரேட்டிங்கில் முதலிடம்.

வெள்ளிக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்தாள். ஆளே பாதியாகி இருந்தாள். அம்மாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு நேராக அடுப்படிக்கு வந்து அக்காவின் தோளில் தலை வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்குக்கா."

"எதுக்கு?"

"மேடையில நிக்கும்போது, உள்ளேருந்து யாரோ கையைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. இருமல், ரத்தம் எதுவுமே என்னோடது இல்லக்கா. யாரோ போடறாங்க."

அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். மனசுக்குள் முதலில் வந்தது குளிர்ச்சிதான். அதற்குப் பிறகுதான் வெட்கம் வந்தது. இனி எழுதுவதில்லை என்று அந்த நிமிடம் நிஜமாகவே முடிவு செய்தாள். தங்கை காரில் ஏறிப் போனதும், அம்மா கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

"அவளுக்குத் துணைக்கு ஒரு ஆள் வேணும்டி. நீ அந்த எழுத்து வேலையை விட்டுட்டு அவகூடப் போயேன். மேக்கப் பெட்டி, தண்ணி, துணிமணி எல்லாம் பார்த்துக்க."

"என் வேலையை விட்டுட்டா?"

"அது எங்க ஓடிடப் போகுது. யாரு படிக்கறா அதை?"

அம்மா அதைக் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு, தைலம் தேய்க்கச் சொல்லிக் காலை நீட்டினாள்.

சனிக்கிழமை மூன்றரைக்கே எழுத உட்கார்ந்தாள். ஒரே ஒரு தடவை, கடைசித் தடவை. அந்த மேடையே இனி வேண்டாம் என்று தங்கை அலறிக்கொண்டு ஓடி வர வேண்டும். வந்து இந்த வீட்டில், இந்தக் கட்டில் பக்கத்தில், தன்னைப் போலவே உட்கார வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. தங்கையின் உயிருக்கு ஒன்றும் வந்துவிடக் கூடாது. அதில் மட்டும் தெளிவாக இருந்தாள்.

'ஏழே கால் மணிக்குப் பேச்சு பாதியில் நின்றது. சிரித்த முகம் சிரித்தபடியே நின்றது. இமை அசையவில்லை. கேமரா மெல்ல மெல்ல அவள் முகத்தை நோக்கிப் போனது. அரங்கம் எழுந்து கைதட்டியது. பார்த்துக்கொண்டிருந்த அத்தனை வீடுகளிலும் கைதட்டினார்கள்.' இவள் எது செய்தாலும் கைதட்டுகிற கூட்டம்தானே, தட்டட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள். பிறகு, முடிவாக, கவனமாக, தங்கையை மீட்டுக்கொண்டு வரும் வரிகள்: 'ஒரு நிமிடம் கழித்து அவள் கண்ணைச் சிமிட்டி, "பயந்துட்டீங்களா?" என்று கேட்டபோதுதான் எல்லோருக்கும் மூச்சு வந்தது.' இரண்டு தடவை படித்துப் பார்த்து அனுப்பினாள். ஹாலில் டிவி சத்தமே இல்லாமல் இருந்தது. ஒரு முனகல்கூட இல்லை. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆறரைக்கு வழக்கம்போலத் தொடங்கியது. புதுப் பச்சை உடை. பாட்டு, விருந்தாளி, பரிசு, எல்லாம் நிரல்படி. வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட எழ வேண்டும் என்று நினைத்து நினைத்து, எழாமலே, டிவியின் நீல வெளிச்சம் அம்மாவின் நெற்றியிலும் மருந்துக் குப்பிகளிலும் தண்ணீர்ச் சொம்பின் விளிம்பிலும் நெளிவதைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் மூன்றைத் தொட்டது.

"அடுத்து நாம பார்க்கப் போறது..." என்ற தங்கை நின்றாள்.

சிரிப்பு அப்படியே இருந்தது. இமை அசையவில்லை. கேமரா நகர்ந்தது. எழுந்து நிற்கிறவர்களின் நாற்காலிச் சத்தம். கைதட்டல்.

கட்டிலில் அம்மா கைதட்டினாள். அவள் கை இரண்டும் தோள் உயரத்துக்கு மேலே போய் எத்தனையோ மாதமாயிற்று. இப்போது போயிற்று.

அக்கா ஒவ்வொரு நொடியாக எண்ணினாள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தொன்பது. அறுபது.

தங்கை கண்ணைச் சிமிட்டவில்லை.

இரண்டாவது நிமிடமும் போனது. தன் உள்ளங்கைகள் அரிக்கத் தொடங்கியதை உணர்ந்து, போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பத்திரிகையில் பக்கம் அமைக்கிற லேஅவுட் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, என் பத்தி முழுசாப் போயிருக்கா?"

"போயிருக்கும்மா. கடைசி நேரத்துல ஒரு மெத்தை விளம்பரம் வந்துச்சு, மூணு வரி இடிச்சுது. கீழேருந்து எடுத்துட்டேன். சும்மா யாரோ மூச்சு விட்டாங்கன்னுதானே இருந்துச்சு?"

"அதைத் திரும்பச் சேருங்கண்ணே! இப்பவே!"

"அச்சு ஓடிட்டிருக்கும்மா, எங்கேருந்து சேர்க்கறது. இருங்க, இங்க டிவியில அந்தப் பொண்ணு என்ன இப்படி..."

போன் எதன் மேலோ விழுகிற சத்தம். அதன் பிறகு, பக்கத்திலிருந்து, கைதட்டல்.

எழுந்து ஓடி டிவியை அணைத்தாள். படம் போகவில்லை. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். வயர் கையில் தொங்கியது. படம் போகவில்லை. இப்போது திரையில் தோள் இல்லை, பச்சை உடை இல்லை. முகம் மட்டும். கைதட்டல் தெருவிலிருந்தும் வந்தது. எதிர் வீடு. அதற்கு அடுத்த வீடு. மாடியில். ஒரே தாளம்.

"அம்மா, போதும். நிறுத்தும்மா."

"முடியலடி," என்றாள் அம்மா. அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. கை நிற்கவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்து, ஒவ்வொரு தட்டலுக்கும் போர்வையில் சிவப்பாகத் தெறித்தது.

கணினியைத் திறந்தாள். எழுதியது நடக்குமென்றால் இதுவும் நடக்கட்டும். அச்சில் வராவிட்டால் என்ன, அவள் எழுதியது அவள் எழுதியதுதானே. 'ஒரு நிமிடம் கழித்து அவள்' என்று அடித்தாள். அதற்கடுத்த எழுத்தில் விரல் வைத்தாள். விரல் எழும்பியது. கை எழும்பியது. இரண்டு கைகளும், அவளுடையவை இல்லாததுபோல, முகத்துக்கு முன்னால் வந்து ஒன்றையொன்று அடித்துக்கொண்டன.

மறுபடி.

மறுபடி.

'அவள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கோடு மின்னி மின்னி நின்றது. எட்டு எழுத்துத் தூரம்தான். கையை இறக்க முடியவில்லை. தொண்டை கிழியத் தங்கையின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தெரு முழுக்கக் கேட்ட கைதட்டலில் அது அவளுக்கே கேட்கவில்லை.

திரையில் கேமரா இன்னும் போய்க்கொண்டிருந்தது. நிற்கச் சொல்லி யாரும் எழுதவில்லை. நெற்றி போனது, சிரித்த உதடு போனது, கடைசியில் ஒரு கண் மட்டும் திரை முழுக்க நின்றது. வறண்டு, சிவந்து, மூட முடியாமல். அதன் கருவிழி மட்டும் அசைந்தது. அறையில் இங்குமங்கும் தேடி, கைதட்டிக்கொண்டிருக்கும் அக்காவைக் கண்டுபிடித்து, அவள் மேல் நின்றது.