இரு பக்கமும் கறுப்பு

அலுவலக வாசல் கதவுக்குப் பக்கத்தில் பெயர்ப்பலகை. அதில் பதினாறு மரச்சீட்டுகள். ஆள் உள்ளே இருந்தால் கறுப்பு எழுத்து. கிளம்பும்போது திருப்பிவிட்டால் சிவப்பு. ஆறு பத்துக்குத் தேநீர் எடுக்க எழுந்த சிசுரு பார்த்தபோது பதினான்கு சிவப்பு, இரண்டு கறுப்பு. ஒன்று அவளுடையது. மற்றது நிஷிவாக்கியுடையது.

நிஷிவாக்கி செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

அதுவும் ஒரு நவம்பர்தான். புத்தாண்டுக் காலண்டர் வேலை குவியும் மாதம். அவர் பிழைதிருத்தும் புரூஃப் தாள்கள்மேல் தலைவைத்துக் கிடந்தார். அசந்து தூங்குகிறார் என்று நினைத்து, கிளம்பியவர்கள் ஒவ்வொருவராக, "முன்னாடி கிளம்பறேன், மன்னிச்சுக்கங்க" என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார்கள். சிசுருவும் சொன்னாள். இருப்பவர் பதிலுக்கு "நல்லா உழைச்சீங்க" என்று சொல்வது வழக்கம். அவர் சொல்லவில்லை. மறுநாள் யாரோ அவர் சீட்டைச் சிவப்புக்குத் திருப்பினார்கள். கழற்றத்தான் யாருக்கும் கை வரவில்லை.

யாரோ தோள் இடித்துப் புரண்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டு அதைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டு இருக்கைக்கு வந்தாள்.

எள் என்றால் எண்ணெயாக நிற்பவள் சிசுரு குவாபாரா. அதனால் நிஷிவாக்கியின் வேலையும் அவள் தலையில்தான் வந்து விழுந்தது. பிறகு வேலையை விட்டுப்போன இன்னொருத்தியின் வேலையும். இன்றைக்கு நாற்பது புரூஃப், காலை எட்டு மணிக்கு அச்சுக்குப் போகவேண்டும். மகனை அழைத்துவரப் போகணும் என்று அவள் இழுத்ததற்கு மேனேஜர் ஒனொதெரா சிரித்தார்.

"பையன் எங்க போயிடப் போறான், குவாபாரா-சான்? பள்ளிக்கூடத்துலதானே இருக்கான். நீங்க இருக்கற தைரியத்துலதான் நான் வாக்குக் குடுத்தேன்."

வாக்குக் கொடுத்தவர் ஆறு மணிக்கே கிளம்பிவிட்டார்.

மழலைப் பள்ளி ஏழு மணிக்கு மூடும். ஆறு முப்பத்தைந்துக்குப் புறப்பட்டால் ரயிலைப் பிடித்துவிடலாம். இந்த வாரம் இரண்டு நாள் பிந்திவிட்டாள். காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே சோஸ்கே, "இன்னைக்கும் நான்தான் கடைசியாம்மா?" என்று கேட்டான். இல்லை என்று சுண்டுவிரல் கோத்துச் சத்தியம் செய்திருந்தாள். அந்தச் சின்ன விரலின் இறுக்கம் இன்னும் அவள் கையில் இருந்தது.

ஹீட்டர் நின்று அறை மெல்லமெல்ல குளிர்ந்துகொண்டிருந்தது. சன்னல் கண்ணாடியில் மழைத்துளிகள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டு இறங்க, எங்கிருந்தோ தோள்வலிப் பட்டையின் கற்பூர வாசனை வந்து அவள் மேசையைச் சுற்றி நின்றது. நிஷிவாக்கி எப்போதும் இரண்டு தோளிலும் அதை ஒட்டிக்கொண்டு வருவார். தடுப்புக்கு அந்தப் பக்கம், இரண்டு வருஷமாகக் காலியாக இருக்கும் அவர் மேசையிலிருந்து, பென்சில் தாளில் உரசும் ஓசை கேட்டது. உரசல். நிறுத்தம். தாள் புரளும் ஓசை. அவள் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் நேரம் போகும் என்று தனக்கே காரணம் சொல்லிக்கொண்டாள், உண்மையில் பயம்.

இருபத்தொன்றாவது தாளில் கையெழுத்திட்டு வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கக் கை நீட்டினாள். கட்டு தீர்ந்திருந்தது. மீதி பத்தொன்பதும் சரிபார்க்கப்பட்டு அடுக்காக இருந்தன. ஓரங்களில் சிவப்புப் பென்சில் குறிகள், அவளுடையவை அல்ல. சாய்ந்த, பொடிப்பொடியான எழுத்து. யாருடையதென்று அவளுக்குத் தெரியும்.

வெட்கக்கேடுதான், ஆனாலும் முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். மணி ஆறு முப்பத்திரண்டு. போய்விடலாம்.

கோட்டை மாட்டினாள். ஒரு கை நுழைந்தது.

"முன்னாடி கிளம்பறேன். மன்னிச்சுக்கங்க."

தடுப்புக்குப் பின்னாலிருந்து. களைத்த, மரியாதையான குரல்.

பதினோரு வருஷப் பழக்கம். மனது விழிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. தலைகூடத் தானாகக் குனிந்தது.

"நல்லா உழைச்சீங்க."

நாற்காலி கிரீச்சிட்டது. பெருமூச்சு. சுமையை இறக்கிவைத்தவனின் நீண்ட பெருமூச்சு. காலடிகள் அவளைத் தாண்டிப் போயின. கற்பூர வாசனையும் போயிற்று. கதவருகே மரம் மரத்தில் தட்டிய ஓசை.

ஓடினாள். நிஷிவாக்கியின் சீட்டு எப்போதோ மறுபடி கறுப்பாகி, இப்போது அவள் கண்முன் சிவப்பில் ஆடி நின்றது.

தன் சீட்டைத் திருப்பினாள். கறுப்பு.

மறுபடி திருப்பினாள். கறுப்பு.

நகத்தால் சுரண்டினாள். கறுப்பு. திருப்பினாள். கறுப்பு. கதவின் பிடியைப் பற்றினாள். கையில் எதுவும் அகப்படவில்லை.

மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். அவள் நாற்காலியில் யாரோ. புரூஃப் தாள்கள்மேல் தலை. ஒரு கை மட்டும் நுழைந்த கோட்டு.

அப்போது கதவு திறந்தது. ஒனொதெரா. மறந்துபோன குடைக்காக வந்திருந்தார். அவள் அவர் முகத்துக்கு நேராக நின்று கத்தினாள். அவர் அவளுக்குள் புகுந்து நடந்துபோனார். மேசையைப் பார்த்ததும் நடையை அடக்கிக்கொண்டார். பாவம், தூங்கட்டும் என்பதுபோல ஒரு சிரிப்பு.

"முன்னாடி கிளம்பறேன், குவாபாரா-சான்," என்றார் தணிந்த குரலில். "மன்னிச்சுக்கங்க."

நிஷிவாக்கியை விடுவித்த அந்தப் பதிலைச் சொல்லுங்கள் என்று அவள் கெஞ்சினாள். ஒரே ஒரு தடவை. அந்த இரண்டு வார்த்தை.

அவர் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

இருட்டில், மேசையில் கிடந்த கன்னத்துக்குப் பக்கத்தில் போன் அதிர்ந்து ஒளிர்ந்தது. மழலைப் பள்ளி. மணி ஏழு பத்து. அந்த வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன. போன் நின்றது, மறுபடி அதிர்ந்தது, தாள்களின்மேல் நகர்ந்து நகர்ந்து, மடங்கிக் கிடந்த சுண்டுவிரலில் வந்து முட்டி நின்றது.