மகனின் குப்பி

இந்தக் காலத்தில் மனுஷன் பேச்சை எவனும் நம்புவதில்லை, மூத்திரத்தைத்தான் நம்புகிறான். போதை மாத்திரையில் விழுந்தவனை முன்பெல்லாம் ராணுவ முகாமுக்கு இழுத்துப் போவார்கள். இப்போது ஊரே திருத்துகிறதாம்! வாரம் ஒருமுறை குப்பியில் பிடித்துக் கொடுக்க வேண்டும். மருந்துச் சொட்டு விட்டும் மஞ்சளாகவே இருந்தால் வீடு. ஊதாவானால் முகாம்.

என் தங்கை புவாலய், மகன் சக்தாவுக்காக ஊர்த்தலைவர் காலில் விழுந்து ஜாமீன் நின்றவள். பெண்டாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனபின் அவனுக்கு அவள் மட்டும்தான்.

குப்பி கொடுக்க வேண்டிய நாள் காலை சக்தா கண் சிவக்க வந்தான்.

"ராத்திரி எங்கடா போன?"

"லாரியில மரவள்ளிக் கிழங்கு ஏத்தினேம்மா."

"கிழங்கு ஏத்தினா கண்ணு இப்படியா செவக்கும்?" என்றேன்.

"தூங்காம வேலை பாத்தா செவக்கும் மாமா. உங்களுக்கு எங்க தெரியப்போவுது?"

புவாலய் சிரிக்கவில்லை. அவன் கண்ணையே பார்த்தபடி சோற்றுக்கூடையை அவன் பக்கம் தள்ளினாள்.

சுகாதாரத் தொண்டு பார்க்கும் நிபா வாசலில் காத்திருந்தாள். சக்தா கொல்லையில் குப்பியை நிரப்பி, தண்ணீர் ஜாடிமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான். புவாலய் யாருக்கும் தெரியாமல் அதைக் கொட்டினாள். தன்னுடையதைப் பிடித்து வைத்தாள். பெற்ற வயிறு... வேறென்ன செய்யும்?

நிபா சொட்டு விட்டாள். ஊதா!

"அய்யோ சக்தா... இத்தனை மாசமா நல்லாத்தானே இருந்த!"

"நான் தொடலக்கா! சத்தியமா தொடல! அம்மா, நீயாவது சொல்லும்மா..."

புவாலய் அப்படியே தரையில் சரிந்தாள்.

"அது என்னுதுடி நிபா! இவன் மறுபடி ஆரம்பிச்சுட்டான்னு நெனச்சு நாந்தான் மாத்தி வெச்சேன்... நேத்து சளிக்கு மாத்திரை போட்டேன். வேற ஒரு பாவமும் அறியேன்..."

"சளி மாத்திரைக்கும் சில சமயம் ஊதா காட்டும் அத்தை! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

நிபா என்னைக் காவலுக்கு நிறுத்தி, சக்தாவை மறுபடி பிடிக்கவைத்தாள். மஞ்சள். சுத்த மஞ்சள்.

"என் ராசா!" புவாலய் அவனைக் கட்டிக்கொண்டு கதறினாள். கதறும்போதே அவள் மூக்கு அவன் சட்டையை முகர்ந்தது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கைகளை மெல்ல எடுத்துவிட்டான்.

"ஊரு நம்பலைன்னா போவுது... இப்பவும் மோந்து பாக்குறியேம்மா."

"பழக்கம்டா... கெட்ட நாள்ல வந்த பழக்கம்..."

"எனக்கும் ஒரு பழக்கம் இருந்துச்சு. நான் விட்டுட்டேன்."

துணிப்பையை எடுத்துக்கொண்டு லாரி நிற்கும் ரோட்டைப் பார்த்து நடந்தான்.

"மாமா, கூப்பிடுங்க!" நிபா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஊரைவிட்டுப் போனா ஜாமீன் போச்சு. தனியா இருந்தா மறுபடி விழுந்துடுவான்!"

புவாலய் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

நான் கூப்பிடவில்லை. இந்த வாரம் மஞ்சள், சரி. அடுத்த வாரத்துக்கு எவன் உத்தரவாதம்? அவள் அழுகைக்கு முதுகைக் காட்டி, எருமைகளை அவிழ்க்கப் போனேன்.