படம் வாங்க வந்தவர்

கலவை ஊரிலிருந்து வந்த ஒரு கிழவியின் முழங்கால் எக்ஸ்ரே படத்தில், இடப்பக்கக் கீழ் மூலையில், வேறு யாருடைய விரல்களோ இருந்தன.

படத்தில் வேற்று விரல் விழுவது பெரிய அதிசயம் இல்லை. குழந்தை உதைத்துக்கொண்டு அழுதால் அம்மாவோ மாமனோ காலைப் பிடித்துக்கொள்வார்கள். ஈயக் கையுறை போடாமல் பிடித்தால் பிடித்தவர் எலும்பும் சேர்ந்து விழும். டாக்டர் ஜெபசீலன் அப்படி எத்தனையோ பார்த்தவன். எலும்பு, மூட்டுப் படங்களை மட்டும் படிக்கிற ஃபெலோஷிப்புக்கு அந்த வருஷம்தான் வேலூர் வந்திருந்தான். அந்தப் படிப்பில் சேர்ந்தவனுக்குப் பகலும் இருட்டுத்தான். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம் ஒட்டிய அறை, சுவர் நெடுக வெள்ளை விளக்குப் பெட்டிகள், அவற்றில் வரிசையாகத் தொங்கும் ஊரார் எலும்புகள், முதுகில் ஏறும் ஏசிக் குளிர், பக்கத்து அறையிலிருந்து கசிந்து வரும், படம் கழுவும் மருந்தின் புளித்த வாடை. அவர்கள் மூத்த டாக்டர் சௌந்தரம் மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பேஷண்ட் வலிக்குதுன்னு காட்டற இடத்துக்கு ஓடாத. நாலு மூலையும் பார்த்துட்டு அப்புறம் நடுவுக்கு வா. கோட்டை விடறது எல்லாம் மூலையிலதான்."

மூலையைப் பார்த்தான். வலது கை. மோதிர விரல் மட்டும் நுனி எலும்பு இல்லாமல் மொட்டையாக நின்றது.

படம் எடுக்கிற குர்ஷித் உள்ளே வந்தபோது, மூலையை முதுகால் மறைத்துக்கொண்டு கேட்டான்.

"அக்கா, இந்த ஆயா காலை யாரு புடிச்சது?"

"யாரும் புடிக்கல சார். அது பாட்டுக்குக் கம்முனு படுத்துச்சு. புடிக்கறதுக்கு அது இன்னா கைக்குழந்தையா?"

அவள் போய்விட்டாள். அவன் அங்கேயே நின்றான். அந்த விரலை அவனுக்குத் தெரியும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், தோல் சீவுகிற ஷேவிங் மெஷின் தின்ற விரல் அது. அவன் அப்பா எலியாஸின் விரல்.

அப்பா வந்து போய்ப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். எல்லோரும் படம் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, இருட்டில் தட்டுத் தடுமாறி, மகன் தோளில் கை வைத்தார். ஆளுக்கு முன்னால் வாடை வந்துவிட்டது. சுண்ணாம்பும் ஊறின தோலும் கலந்த, எந்த சோப்புக்கும் மசியாத வாடை. "எலி கிலி செத்துக் கெடக்கா இங்க?" என்றாள் கூடப் படிக்கிற ரெனிட்டா. இரண்டு பேர் சிரித்தார்கள். மேடம் திரும்பிப் பார்த்தார்.

"யாருப்பா இது?"

"பேஷண்டோட ஆளு மேடம். படம் வாங்க வந்திருக்காரு," என்றான் ஜெபசீலன்.

படித்தவன் பொய்க்குத் திக்கல் கிடையாது. அவன் படிக்கவேண்டும் என்றுதான் அந்தக் கை சுண்ணாம்புத் தொட்டியில் வெந்தது. தோள்மேல் அது இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாக எடுபட்டது.

"ஆமாம்மா," என்றார் அப்பா. "படம் வாங்கத்தான் வந்தேன். வெளிய குந்திக்கினு இருக்கேன். ரெடியானதும் குடுங்க."

சாப்பாட்டு நேரத்தில் ஜெபசீலன் பின்கதவு வழியாகப் போனான். சாயங்காலம் எட்டிப் பார்த்தபோது வெளியே பெஞ்ச் காலியாக இருந்தது. ஊருக்குப் போயிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போன் பண்ண முகம் இல்லை.

இப்போது அந்த விரல். மேடம் கண்ணில் பட்டால் யார் என்று கேட்பார். படங்களில் ஒட்டுகிற நம்பர் சீட்டு ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தை நாக்கில் தடவி, அப்பாவின் விரல்மேல் ஒட்டினான்.

அடுத்தது நாட்றம்பள்ளி லாரிக்காரர் ஒருவரின் இடுப்புப் படம். மூலையில் இப்போது மணிக்கட்டு வரை கை வந்திருந்தது. ஒரு சீட்டு பத்தவில்லை. இரண்டு ஒட்டினான். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தியின் முழங்கைப் படத்தில் விரல்கள் மூலையை விட்டு நகர்ந்து, அவள் எலும்புக்குப் பக்கத்திலேயே விரிந்து கிடந்தன. அவன் மறைக்க மறைக்க அது நடுவுக்கு வந்தது. மருந்தின் புளித்த வாடைக்கு அடியில் இன்னொரு வாடை மெல்ல ஊறியது, பழகின வாடை, அவன் சின்ன வயதில் முகம் புதைத்துத் தூங்கின சட்டையின் வாடை. வெளியே பெஞ்ச் முனகியது. யாரோ செருமினார்கள். கதவைத் திறந்து பார்த்தான். யாரும் இல்லை. உட்கார்ந்து எழுந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

அன்றைக்குத்தான் வலது தோள் வலிக்க ஆரம்பித்தது. யாரோ சாய்ந்துகொண்டிருக்கிற மாதிரி ஒரு பாரம்.

மறுநாள் காலையில், அறையில் இருந்த போனில் அவனுக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, எதுத்த வீட்டு சர்தார் பாஷா பேசறேன். இன்னா, அப்பனை ஏசிலயே வெச்சிக்கினியா? பெரிய மனுசன் ஆயிட்டாரு, ஒரு தகவல் இல்ல. வேலைக்கு வரலன்னு இங்க ஷாப் மேஸ்திரி பேஜார் பண்றான்."

"அப்..." என்று தொடங்கி, குரலை இறக்கினான். "அவரு அங்க வரலையா?"

"உன்னாண்டதானே வந்தாரு. பையன் கூட நாலு நாள் இருந்துட்டு வர்றேன்னு துணியெல்லாம் எடுத்துக்கினு போனாரே." எதிர்முனையில் சிரிப்பு நின்றது. "தம்பி, அங்கதானே இருக்காரு?"

பக்கத்து நாற்காலியில் மேடம். அதற்கடுத்து ரெனிட்டா. காது கொடுத்து.

"இருக்காரு," என்றான். போனை வைத்தான்.

தோளில் பாரம் கூடியது.

"என்னப்பா, நேத்துலேர்ந்து தோளையே புடிச்சிட்டிருக்க?" என்றார் மேடம். "குர்ஷித், இவனுக்கு ஒரு படம் எடு. நம்ம பையன் தோளை எல்லாரும் சேர்ந்து படிக்கலாம்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அவனிடம் இல்லை. சட்டையைக் கழற்றிச் சில்லென்ற பலகையில் தோளை வைத்து நின்றான். குர்ஷித் ஈயத் தடுப்புக்குப் பின்னால் போனாள். அறையில் அவன் மட்டும்.

"மூச்சை அடக்குங்க சார். ஆடாதீங்க."

அடக்கினான். காதோரம் மூச்சு ஓடிக்கொண்டே இருந்தது.

ஈரம் காயாத படத்தை மேடம் பெட்டியில் மாட்டினார். எல்லோரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

"நீயே படி."

மேல் இடது மூலை. காலி. மேல் வலது. காலி. கீழே இரண்டும் பார்த்தான். சுத்தம். ஒன்றும் இல்லை. நடுவுக்கு வந்தான்.

கை. முழுக் கை. அவன் தோள் எலும்பின்மேல். பின்னாலிருந்து வந்து, விரல்கள் காறை எலும்பைத் தாண்டி வளைந்து, கெட்டியாக. மோதிர விரல் மொட்டை.

ரெனிட்டா மூக்கைச் சுளித்தாள். யாரும் சிரிக்கவில்லை.

"யாருப்பா இது?" என்றார் மேடம். அன்றைக்குக் கேட்ட அதே குரல்.

ஒரு சொல் போதும். நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. இத்தனை கண். இந்த வாடை.

"தெரியல மேடம்."

தோளில் விரல்கள் இறுகின. நாலரை விரல்.

மேடம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே, பின்னால், இருட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் காத்திருந்தவரைப் பார்க்கிற மரியாதையோடு.

"பெரியவரே, இன்னும் போகலையா நீங்க? படம் வாங்கணும்னு சொன்னீங்க இல்ல."

"ஆமாம்மா."

காதுக்குப் பக்கத்தில். ஈரமான குரல்.

"படம் வாங்கத்தான் வந்தேன்."

மேடம் படத்தைக் கழற்றினார். அவன் தோளுக்கு மேலே நீட்டினார். அது அவர் கையை விட்டுப் போனது. பின்னால், ஈரப் படத்தைச் சுருட்டும் சத்தம்.

படம் வாங்கியாயிற்று. தோளிலிருந்த கை எடுபடவில்லை.