கை கழுவப் போனவர்கள்

"ஆறு டப்பாவும் காலிக்கா. நீங்க தின்னீங்களா, நான் தின்னேனா?"

"கத்தாத சுகன்யா. பூனை வந்திருக்கும்."

"தின்னுட்டு மூடியும் போட்டுட்டுப் போச்சாக்கும் பூனை?"

மடக்கிக் கேட்டால் குரலை உயர்த்துவது சூர்யகலாவின் வழக்கம், உயர்த்தினாள்.

வத்தலக்குண்டு சாலையில் பழைய தோல் கிடங்கின் மாடியைப் பிடித்து, படம் வரைகிறவர்களும் வீடியோ எடுக்கிறவர்களும் சேர்ந்து வேலை பார்க்கும் இடமாக அவள் ஆக்கியிருந்தாள். புதன்கிழமை மதியம் ஒரு மணிக்கு இலவசப் பேச்சு. டப்பாவோடு வந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்கலாம். திண்டுக்கல்லில் 'வாரேன்' என்று சொல்லாதவர் இல்லை. வந்தது நாலு பேர். அதிலும் இருவர் மின்விசிறிக்காக.

கட்டடக்காரர் ஆவுடையப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்: பத்துப் பேர் சேரவில்லையென்றால் கூடத்தில் பந்தல் சாமான் போடுவேன். முட்டிவலி, படியேற மாட்டார். வாராவாரம் வீடியோ அனுப்பினால் போதும்.

அதற்காகத்தான் காலி நாற்காலி ஆறிலும் தயிர்சாத டப்பாக்களைத் திறந்து வைத்தாள் சூர்யகலா. கேட்டால், கை கழுவப் போயிருக்கிறார்கள். "வாங்க, எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க" என்று மைக்கில் ஒரு உபசாரம் வேறு.

"ஆளில்லாத இடத்துல சோத்தை வச்சு, வாங்கன்னும் கூப்பிட்டா அதுக்குப் பேரு பேச்சா, படையலா?" கூடமாட உதவிக்கு இருந்த சுகன்யா பையை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனாள்.

அடுத்த புதன். பேச வேண்டிய சிவபிரகாஷ், 'செத்த நேரத்துல வாரேன்' என்று போனில் அனுப்பினான். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊருக்கே தெரியும். வேறு ஒரு ஆளும் வரவில்லை. எரிச்சலில் சூர்யகலா ஒரு டப்பாவும் வைக்கவில்லை. கூடம் போனால் போகட்டும். தன் பேரை வெட்டி அம்மா கொடுத்த டப்பாவை மடியில் திறந்து, முன்வரிசையில் உட்கார்ந்தாள். பச்சைக் கண்ணாடி வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

ஜன்னல் நிறைய வெயில், கீழே பஸ் ஹாரன், மின்விசிறியின் கரகரப்பு, அதற்கெல்லாம் அடியில், மூன்று தடவை வெள்ளையடித்தும் போகாத உப்பும் ஈரத்தோலும் கலந்த வாடை மெல்ல மெல்லத் தடித்து வந்து தயிர்சாதத்தின் மேல் படிந்தது. கை கழுவும் இடத்தில் குழாய் திறந்தது. யாரோ கொப்பளித்தார்கள். இன்னொருவர். வரிசையாக.

குழாய் நின்றது.

பின்னால் நாற்காலி முனகியது. ஒன்று. மூன்று. ஆறு.

உதறிய ஈரம் ஒரு துளி, அவள் கழுத்தில்.

வைக்கவில்லையே. இன்றைக்கு எதுவும் வைக்கவில்லையே.

மடியில் சோற்றில் ஒரு குழி விழுந்தது. விரல் அகலத்துக்கு. அவள் கை இன்னும் டப்பாவுக்குள் போகவில்லை.

சுகன்யா தை மாதம் கன்னிவாடி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போனாள். சிவபிரகாஷ் கோயமுத்தூரில், அங்கே யாரைக் காக்க வைக்கிறானோ. சூர்யகலா பெங்களூர் போய்விட்டாள் என்றுதான் தெருவில் பேச்சு. செருப்பு மட்டும் படிக்கட்டடியில் அப்படியே கிடக்கிறது. ஆவுடையப்பன் கூடத்தில் பந்தல் சாமான் போடவில்லை. புதன் ஒரு மணிக்கு அவர் போனுக்கு வீடியோ தவறாமல் வருகிறதாம்.

"இப்பத்தேன் கூட்டம் சேருது" என்று எல்லாருக்கும் காட்டுகிறார். பத்து நாற்காலி, பத்துத் திறந்த டப்பா. நாற்காலி நாற்காலியாகச் சோறு வைத்துக்கொண்டே போகிறது பச்சை வளையல் போட்ட ஒரு கை. முழங்கைக்கு மேலே வெறும் சுவர். பத்தாவது டப்பாவுக்கு அது போய்ச் சேருவதற்குள் முதல் டப்பா காலி. கை திரும்பி வருகிறது.

பேர் வெட்டிய டப்பாவிலிருந்து மறுபடி வைக்கிறது.