பல் வைத்த நீலக் கோடு

அந்த வீட்டில் எட்டுப் பேர் இருந்தார்கள். நாளைக்கு யார் என்ன உடுப்பு போட்டுக்கொண்டு வெளியே போவது என்று முடிவு செய்கிறவள், பத்து வயதுப் பெர்னடெற்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. லண்டன் செவன் கிங்ஸில் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் பெர்னடெற், அப்பா, அம்மா றோஸ்மலர், கைக்குழந்தைத் தம்பி என்று நாலு பேர். மாடியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வாடகைக்கு இருந்த மாமாமார் நாலு பேர். எல்லாருக்கும் சேர்த்துத் தொலைக்காட்சி ஒன்றுதான். ஆறு மணிச் செய்தி முடிந்ததும் வானிலை சொல்ல வருகிற மனிதர் மூச்சு விடாமல் ஆங்கிலம் பேசுவார். பெரியவர்களுக்கு அதில் பாதி பிடிபடாது. பெர்னடெற்றுக்கோ ஒரு சொல்லும் தப்பாது.

கேட்டு முடித்ததும் மாடிப்படியின் அடியில் வந்து நிற்பாள். லண்டனுக்கும் தென்கிழக்குக்கும் நாளைக்கு என்ன வரப்போகிறது என்று தமிழில் சத்தமாகச் சொல்லுவாள். தொப்பி வேண்டும் என்று சொன்னால் மறுநாள் நாலு தொப்பி வெளியே போகும். இதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஒக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில்தான் வந்தது வினை. அன்று பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாட வந்திருந்தாள். இரண்டு பேரும் சீட்டு விளையாடிய மும்முரத்தில் வானிலை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பத்மநாதன் மாமா படியிலிருந்து எட்டிப் பார்த்து நாளைக்கு எப்படி என்று கேட்டார். பெர்னடெற் யன்னலைப் பார்த்தாள். வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது.

"நாளைக்கும் வெயில்தான் மாமா. கோட்டு தேவையில்லை," என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை இறக்கினாள்.

மாமாவுக்கு அதைக் கேட்டதும் சந்தோஷம். பீட்சாக் கடை விளம்பரத் தாள்களை வீடு வீடாகப் போடுவது அவருடைய வேலை. தாள் நிறைந்த பையைத் தோளில் மாட்டும்போது, தடித்த கோட்டு பெரிய இடைஞ்சல்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வகுப்பு ஆசிரியை அன்றைய பத்திரிகையிலிருந்த வானிலைப் படத்தைக் கரும்பலகையில் ஒட்டினார். படத்தின் குறுக்கே ஒரு நீலக் கோடு. கோடு முழுவதும் கூரான சின்னச் சின்னப் பற்கள். குளிர்காற்று படையெடுத்து வரும்போது அதன் முன்வரிசையை அப்படித்தான் கீறுவார்கள். கோடு கடக்கிற இடமெல்லாம் காற்று, மழை, பிறகு நடுக்கம்.

"இது லண்டனுக்கு எத்தனை மணிக்கு வரும், பெர்னடெற்?" என்று ஆசிரியை கேட்டார். வகுப்பில் வானிலை என்றாலே அவள்தானே.

பெர்னடெற் படத்தின் கீழிருந்த வரியை வாசித்தாள். நாலரை மணி. பத்துப் பாகை வெப்பம் ஒரேயடியாக இறங்கும்.

போன மாரியில் ஒருநாள் மழையில் நனைந்ததால் பத்மநாதன் மாமா நெஞ்சில் சளி கட்டி, இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு முறை இப்படி நனையக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த மாமா இப்போது மெல்லிய பருத்திச் சட்டையோடு தெருவில் நிற்கிறார். அவள் சொன்ன ஒரு பொய்யை நம்பி!

மூன்றரைக்கு மணி அடித்ததும் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். வாசல் கொக்கியில் மாமாவின் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். அம்மா ஏசவில்லை. தூங்கிக்கொண்டிருந்த தம்பியைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"நான் கொண்டுபோய்க் குடுக்கிறன் அம்மா. பூங்காவுக்குப் பக்கத்துத் தெருக்கள்தான் இண்டைக்கு எண்டு காலமை சொன்னவர்."

"பெரிய றோட்டைக் கடக்கக் கூடாது. தெருவிளக்கு எரிய முதல் வீட்டை நிக்க வேணும். ஓடு."

கையில் தூக்கினால் கனம் என்று பெர்னடெற் கோட்டைத் தானே போட்டுக்கொண்டாள். அது கணுக்கால் வரை வந்தது. தெருவில் இன்னும் நல்ல வெயில். கோட்டு ஒன்று தனியாக ஓடி வருகிறதென்று பார்த்தவர்கள் சிரித்தார்கள். மேற்கு வானத்தின் அடியில் எழும்பியிருந்த கறுப்பு வரியை அவர்கள் யாரும் பார்க்கவில்லை.

பூங்காவடிக்கு வந்ததும் திகைத்துப்போனாள். பூங்காவுக்கு எதிரே, நாலு தெருக்கள் சுற்றி வளைத்த பெரிய வீட்டுச் சதுரம். அதில் மாமாவை எங்கே தேடுவது?

அப்போதுதான் கதவுகளைப் பார்த்தாள். இடப்பக்கம் போகிற தெருவில் ஒவ்வொரு கதவிலும், கடிதம் போடுகிற துளையில், மஞ்சள் தாள் ஒன்று பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மாமாவின் வேலைதான். ஒருமுறை கதவுக்குப் பின்னால் நின்ற நாய் விரலைக் கடித்துவிட்டது. அன்றிலிருந்து மாமா எந்தத் தாளையும் முழுவதாக உள்ளே தள்ளுவதில்லை. வலப்பக்கத் தெருவிலோ ஒரு தாளும் இல்லை.

அந்தத் தாள்களின் பின்னால் ஓடத்தான் முதலில் நினைத்தாள். மாமாவின் நடை வேகம். துரத்திப் பிடிப்பதற்குள் மழை வந்துவிடும். பெர்னடெற் ஒரு நிமிடம் நின்று யோசித்தாள்.

போன கோடையில் மாமா அவளை ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். சாமியை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றி வந்தார். பாதியில் அவள் ஐஸ்கிரீம் வண்டியைக் கண்டு கையைப் பிடித்து இழுத்தபோது, "பாதி வலத்திலை திரும்ப ஏலாது பிள்ளை," என்று சொல்லிவிட்டார். கோயிலில் மட்டுமா? வீட்டில் சாப்பாட்டு மேசையைச் சுற்றுவதும் அப்படித்தான், தெருக்களில் தாள் போடுவதும் அப்படித்தான். வீடுகள் வலக்கைப் பக்கம். தொடங்கிய சுற்றை முடிக்காமல் திரும்பவே மாட்டார். மற்ற மாமாமார் இதைச் சொல்லிக் கேலி செய்யாத நாளில்லை.

அப்படியென்றால் மாமா சுற்றி வந்து, தாள் இல்லாத இந்தத் தெருவழியாகத்தான் வெளியே வருவார். எதிர்ப்பக்கமாகப் போனால் நேருக்கு நேர் பிடித்துவிடலாம்.

பெர்னடெற் வலப்பக்கம் திரும்பி ஓடினாள். முதல் தெரு முடிந்தது. மாமாவைக் காணவில்லை. சட்டென்று வெயில் மறைந்தது. காற்று ஒன்று தெருவைக் கூட்டிக்கொண்டு வந்து முகத்தில் அடித்தது. அடுத்த தெருவிலும் தாள் இல்லை, ஆள் இல்லை. கணக்குப் பிழைத்துவிட்டதோ? இன்றைக்கென்று பார்த்து மாமா பாதியில் திரும்பியிருந்தால்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெரிய பெரிய துளிகளாக மழை தொடங்கியது.

அந்த நேரம் ஒரு இருமல் கேட்டது.

மூன்று வீடு தள்ளி, ஒரு வேலியோடு ஒட்டிக்கொண்டு பத்மநாதன் மாமா நின்றார். பருத்திச் சட்டை முதுகில் ஒட்டிக் கிடந்தது. உதடு நடுங்கியது. தாள் பையை மட்டும் நனையாமல் நெஞ்சோடு அணைத்திருந்தார். பெர்னடெற் கோட்டைக் கழற்றி அவருடைய தோளில் எட்டிப் போட்டாள். அவளுடைய உடம்பின் சூடு இன்னும் அதில் இருந்தது. தன்னுடைய பள்ளிக்கூடக் கோட்டை அடியில் போட்டிருந்தபடியால் அவளுக்குக் குளிரவில்லை.

"மாமா, நேற்று நான் வானிலை பாக்கவே இல்லை. பொய் சொன்னனான்."

மாமா பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டினார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்னை எப்பிடிக் கண்டுபிடிச்சனி?"

"நீங்கள் பாதி வலத்திலை திரும்ப மாட்டீங்கள்தானே."

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது. வீட்டுக்குப் போகிற வழியும் அதே சுற்றுத்தான். மாமா கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நடந்தார். மிச்சத் தாள்களைப் பெர்னடெற் வீடு வீடாகப் போட்டாள். அவளுக்கு நாய்ப் பயம் இல்லாததால் முழுவதாகவே உள்ளே தள்ளினாள்.

வீட்டில் அம்மா கொத்தமல்லித் தண்ணீர் கொதிக்க வைத்துக் காத்திருந்தார். மாமா இரண்டு கோப்பை குடித்தார்.

ஆறு மணிச் செய்திக்குப் பெர்னடெற் தொலைக்காட்சியின் முன்னால் அசையாமல் இருந்தாள். பிறகு மாடிப்படியின் அடியில் போய் நின்றாள். நாலு மாமாமாரும் மேலே வரிசையாக இருந்தார்கள். தான் நேற்றுச் சொன்னது பொய் என்பதை எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள். காது சிவந்துபோனது.

"நாளைக்கு நல்ல வெயில் எறிக்கும்," என்றாள் மெல்லிய குரலில். "ஆனா வெயிலை நம்ப வேண்டாம். மூண்டு பாகைதான். கோட்டுப் போடுங்கோ."

அன்றிரவு படுக்கையில் கிடந்து மாடியையே கேட்டுக்கொண்டிருந்தாள். மாமா இரண்டு முறை இருமினார். மூன்றாவது முறைக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வந்தது குறட்டை.

காலையில் கண் விழித்தபோது யன்னல் முழுக்க வெயில் கொட்டிக் கிடந்தது. பார்த்தால் கோடைகாலம் என்றே சொல்லலாம். இந்த வெயிலில் அவளை நம்பி யார் கோட்டுப் போடுவார்கள்? பெர்னடெற் வெறுங்காலோடு வாசலுக்கு ஓடினாள்.

மாமாமாரின் நாலு கொக்கிகளும் வெறுமையாக இருந்தன.