காலி முதுகு

கண்ணாடிக் கிண்ணத்துக்குள் அடைபட்ட தேள் வெளியே வர எந்த முயற்சியும் செய்யவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் உறுத்தியது.

குளியலறை மிதியடிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்ததை, நகம் ஊறவைக்கும் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி, முன்னறை மேசைக்குக் கொண்டுவந்திருந்தாள். முன்னறைதான் அவளுடைய அழகு நிலையம். விடாத மழை என்பதால் அந்தச் சாயங்காலம் யாரும் வரவில்லை. நகப்பூச்சின் நெடியும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து அறையே புழுங்கிக் கிடந்தது. தேள் படுக்கையறைக் கதவைப் பார்த்து நின்றது. அவள் அட்டையை மெல்லத் திருப்பினாள். தேளும் உள்ளுக்குள் மெல்லத் திரும்பி, மறுபடி அந்தக் கதவையே பார்த்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மகள் பாப்பா தூங்குகிறாள். ஏழு வயது. காய்ச்சல் மத்தியானம்தான் விட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அக்காவுக்குப் படம் அனுப்பினாள். உடனே போன் அடித்தது.

"படம் கலங்கலா இருக்குடி. முன்னாடி இடுக்கி மாதிரி ரெண்டு கை இருக்கே, அது மெல்லிசா, தடியா?"

"மெல்லிசு. வால்தான் தடி."

"அப்போ பொல்லாத ஜாதி. கிட்ட போயிடாதே. முதுகைப் பாரு, குட்டிங்க இருக்கா? வெள்ளையா, அரிசி அரிசியா ஒட்டிக்கிட்டிருக்கும்."

குனிந்து பார்த்தாள். முதுகில் ஒன்றுமில்லை. ஆனால் வயிறு மட்டும் மடிப்பு விழுந்து தளர்ந்திருந்தது. பெற்று இறக்கிய வயிறு. அவளுக்குத் தெரியாதா?

"முதுகு காலிக்கா."

"அப்போ குட்டிங்க வீட்டுக்குள்ளதான் எங்கேயோ இருக்கு. நகப்பூச்சு காய வைக்கிற ஊதா விளக்கு வச்சிருக்கியே, அதை இருட்டுல அடிச்சுப் பாரு. தேளா இருந்தா பச்சையா மின்னும். மெத்தையைப் பார்க்காம கையை வச்சுடாதே. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வெளியே வந்துடு. போனை வைக்காதே."

முன்னறை விளக்கை அணைத்து, ஊதா விளக்கைக் கிண்ணத்தின் மேல் பிடித்தாள். தேள் பச்சையாய்ப் பற்றிக்கொண்டது போல் ஒளிர்ந்தது. பார்வை மட்டும் கதவிலேயே.

படுக்கையறைக்குள் மழைச் சத்தம் அடங்கி ஒலித்தது. அதற்கடியில் இன்னொரு சத்தம், பட்டுத் துணியை நகத்தால் வருடுவது போல. அவள் வாசலிலேயே நின்று வெளிச்சத்தைத் தரையில் ஓட்டினாள். ஒன்றுமில்லை. சுவர். ஒன்றுமில்லை. திரைச்சீலை, செருப்பு, கட்டிலுக்கடி. ஒன்றுமில்லை. பாப்பா வாசல் பக்கம் முகம் வைத்து ஒருக்களித்துக் கிடந்தாள். தலையணை சுத்தம். மெத்தை சுத்தம்.

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. "ஒண்ணுமில்லக்கா, நல்லவேளை."

"சரி, தூக்கு சீக்கிரம்."

கட்டிலருகே போய்க் குனிந்தாள்.

பாப்பா கண்ணைத் திறந்தாள். தூக்கக் கலக்கமே இல்லாத கண்.

"தொடாதம்மா. இப்பதான் தூங்குதுங்க."

"எதுடா?"

பாப்பா மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். எதையோ அலுங்காமல் சுமப்பவள் போல, அத்தனை பக்குவமாக. பிறகு திரும்பிக் காட்டினாள்.

கழுத்திலிருந்து இடுப்பு வரை. சட்டைத் துணியை ஊடுருவி. பச்சைப் பொட்டுகள். வரிசை வரிசையாய். நெருக்கி அடித்து. மூச்சு இழுக்கும்போது எல்லாம் சேர்ந்து உயர்ந்தன. விடும்போது தாழ்ந்தன.

"ஏய், என்னடி ஆச்சு? பேசு!" போனுக்குள் அக்கா.

விளக்கு, நேரம் முடிந்ததும் தானே அணையும் ஜாதி.

அணைந்தது.

இருட்டு. ஆனால் பச்சை அணையவில்லை. பொட்டுகளைச் சுற்றியிருந்த தோலிலும் அது கசிந்து பரவியது. தோள். கழுத்து. முடியின் வேர். விரல் நுனிகள். ஏழு வயது உருவம் முழுவதும், எந்த வெளிச்சமும் இல்லாமல், பச்சையாய்.

அந்த உருவம் கட்டிலிலிருந்து தரைக்கு இறங்கியது. கைகளை முன்னே அகல விரித்துக்கொண்டு, வயிறு தரையில் உரச, அவள் காலை நோக்கி வந்தது.