நடுங்காத கை

பழைய பேருந்து நிலையத்தை இடிக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உயரமான கூரை, ஆளுயரத்துக்கு மூன்று மடங்கு ஜன்னல்கள், காலை பத்து மணிக்குத் தரையில் கட்டம் கட்டமாக விழும் வெயில். அதை ஓர் ஆள்கூட இல்லாமல் படமெடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கூடத்தில் ஆளில்லாத நேரம் என்று ஒன்று கிடையாது.

அவனிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. அலுவலகத்தில் கணினிகளையும் சர்வர்களையும் கட்டி மேய்ப்பவன் அவன். எந்தச் சிக்கலுக்கும் எங்கோ ஒரு செட்டிங் இருக்கும் என்று நம்புகிற ரகம். விடுமுறை நாட்களில் கேமராவும் கையுமாகத் திரிவான். போகிற இடமெல்லாம் கேமரா நிறுத்தும் முக்காலியைத் தோளில் சுமந்து போவதால், அலுவலகத்தில் அவனுக்கு முக்காலி என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முக்காலியோடு மாமனாரையும் காரில் ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டியூட்டி. அவரைத் தனியாக விட முடியாது.

மாமனார் நீர்வழங்கல் அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்டவர். முடி அகலத்தில் கோடு இழுத்த அந்தக் கை ஆறு வருடங்களுக்கு முன் நடுங்கத் தொடங்கியது. முதலில் வலது கை, பிறகு இடது, பிறகு தலை. நாற்காலியில் உட்கார்ந்தால் விரல் நகம் அதன் மரக் கைப்பிடியில் பட்டுக்கொண்டே இருக்கும். டக் டக் டக். வீட்டில் அந்தச் சத்தம் இல்லாத அறையே கிடையாது. கடிகாரச் சத்தம் போல அதுவும் பழகிப்போயிருந்தது.

மனைவிக்கு இதில் ஒரு தீராத குறை. "ஊர்ல உள்ள செங்கல்லையெல்லாம் எடுக்கறீங்க. எங்கப்பாவை ஒரு படம் நல்லா எடுக்க முடியலையா?"

எடுக்காமல் இல்லை. மெதுவாக எடுத்தால் முகம் கலங்கிப் போகும். வேகமாக எடுத்தால் நடுக்கத்தின் நடுவில் வாய் கோணி உறைந்து போகும். இரண்டையும் அவளிடம் காட்ட அவனுக்கு மனம் வந்ததில்லை.

பேருந்து நிலையக் கூடத்தின் மேற்கு ஜன்னலுக்குக் கீழே ஒரு பெஞ்சில் மாமனாரை உட்கார வைத்துவிட்டு, எதிர்க்கோடியில் கேமராவை நிறுத்தினான். லென்ஸின் முன்னால் வெல்டிங் கண்ணாடி போலக் கறுத்த ஒரு ஃபில்டரை மாட்டினான். அதைப் போட்டால் நான்கு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். நான்கு நிமிடத்தில் நடப்பவர்கள், திரும்புபவர்கள், பெட்டியை மாற்றிப் பிடிப்பவர்கள் எல்லாரும் படத்தில் கரைந்து காணாமல் போய்விடுவார்கள். அசையாதது மட்டும்தான் மிஞ்சும்.

"நான் உங்க படத்துல விழுந்துடப் போறேன்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார் மாமனார்.

"விழ மாட்டீங்க மாமா. அசையற எதுவும் இதுல விழாது."

"அப்ப எனக்கு இடமே இல்லைன்னு சொல்லுங்க மாப்பிள்ளை."

சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினான். கூட்டம் இடித்துக்கொண்டு போனது. மூன்றாவது நிமிடத்தில், ஈரத் துணியை நாள்கணக்கில் மூடி வைத்த பெட்டியைத் திறந்தது போல ஒரு வாடை வந்தது. யாரோ நனைந்த மூட்டையோடு போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் திறந்தான். நினைத்தது போலவே வந்திருந்தது. நூற்றுக்கணக்கான பேரில் ஒருவர் இல்லை. வெறும் தரை, வெயில் கட்டங்கள், வரிசை வரிசையாகக் காலி பெஞ்சுகள்.

மேற்கு ஜன்னலுக்குக் கீழே மட்டும் இரண்டு பேர் இருந்தார்கள்.

பெரிதாக்கினான். மாமனார். கலங்கலே இல்லை. புருவத்தின் நரைமுடிகளை ஒன்று ஒன்றாக எண்ணலாம். சட்டைப் பொத்தானின் நான்கு துளைகளும் தெரிந்தன. நான்கு நிமிடம் மூச்சுக்கூட விடாத மனிதனைத்தான் அப்படி எடுக்க முடியும்.

அவர் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் அவரைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் ஒரு காதும் இறுகக் கட்டிய கொண்டையும் மட்டும் தெரிந்தன. சாம்பல் நிற நீளக் கை உடை. அவளுடைய கை அவருடைய கையின் மேல் இருந்தது. வைத்திருக்கவில்லை, அழுத்திப் பிடித்திருந்தாள்.

வெளிச்சம் சரிபார்க்க அதற்கு முன்னும் பின்னும் எடுத்த சாதாரணப் படங்களைத் திறந்தான். ஏழு படங்கள். ஏழிலும் கூட்டம். ஏழிலும் மாமனார் பெஞ்சில் தனியாக இருந்தார். கை மட்டும் விசிறி போல மங்கலாக.

சென்சார் கோளாறு, பழைய படம் மேலே பதிந்திருக்கும், மெமரி கார்டு கெட்டிருக்கும். சாயங்காலம் வரை ஒவ்வொன்றாகச் சோதித்தான். எதுவும் பொருந்தவில்லை. மனைவி வரும் சத்தம் கேட்டதும் என்ன தோன்றியதோ, அந்தப் பெண்ணை விட்டுவிட்டு மாமனாரை மட்டும் வெட்டியெடுத்தான். அவர் கைமேல் எஞ்சியிருந்த நான்கு விரல்களையும் பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்துப் பூசி மறைத்தான்.

மனைவி திரைக்கு அருகே குனிந்து படத்தைப் பார்த்தாள். "அப்பா இவ்ளோ அமைதியா இருந்து எத்தனை வருஷமாச்சு" என்றாள். மறுநாளே அச்சிட்டு வீட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டாள்.

மாமனார் அதன் முன்னால் நின்று தலை ஆட ஆடப் பார்த்தார். மகள் சமையலறைக்குள் போகும்வரை காத்திருந்து, அவன் காதருகே குனிந்தார்.

"பக்கத்துல ஒரு அம்மா இருந்தாங்களே மாப்பிள்ளை. எங்க காணோம்?"

"யாரு மாமா?"

"யாருன்னு தெரியல. கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ஐஸ் மாதிரி இருந்துச்சு. ஆனா நின்னுபோச்சு."

"எது?"

அவர் தன் கையைக் காட்டினார்.

அடுத்த வாரம் ஒருநாள் வீட்டில் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். என்னவோ குறைந்தது. சற்று நேரம் பிடித்தது, என்னவென்று புரிய.

நகச் சத்தம் இல்லை.

மாமனாரின் அறைக்கு ஓடினான். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் பலகை வைத்துப் பென்சிலால் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். அவனைக் கண்டதும் தாளைத் திருப்பிக் காட்டினார். பக்கத்தில் தேதி போட்டு, நாளுக்கு ஒன்றாக ஆறு கோடுகள். முதல் கோடு புழு நெளிந்தது போல இருந்தது. அடுத்தடுத்தவை நிமிர்ந்துகொண்டே வந்து, ஆறாவது நூல் பிடித்தது போல நின்றது.

"ஸ்கேல் வைக்கல" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அறையில் ஈரத் துணி வாடை.

டாக்டர் மாற்றிக் கொடுத்த புது மாத்திரை வேலை செய்கிறது என்று மனைவிக்கு ஒரே சந்தோஷம். முதலில் அரை மணி, பிறகு இரண்டு மணி, பிறகு பகல் பாதி என்று அந்த அமைதி நீண்டது. அவன் மட்டும் கவனித்தான். கை நின்றபோது தலையும் நின்றது. தலை நின்றபோது இமையும் நின்றது. ஒருமுறை கூப்பிட்டபோது அவர் திரும்பிப் பார்க்கக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆனது.

தெரிந்துகொள்ளாமல் இருக்க அவனால் முடியவில்லை. ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவர் அப்படி உட்கார்ந்திருக்கும்போது, அறை வாசலில் முக்காலியை நிறுத்திக் கறுப்புக் கண்ணாடியை மாட்டினான். நான்கு நிமிடம். அவன் கண்ணுக்கு அறையில் அவர் மட்டும்தான் இருந்தார்.

கேமராவின் சின்னத் திரையில் படம் வந்தது.

அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

ஒரு கை அவர் நெற்றியில். இன்னொரு கை அவர் நெஞ்சில்.

இந்த முறை முகம் தெரிந்தது. நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் கோபமில்லை, பகையில்லை. அழுகிற பிள்ளை தூங்கும்வரை தட்டிக்கொடுத்துக் காத்திருப்பவளின் பொறுமை மட்டும் இருந்தது.

அன்று மாலை மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லி, இரண்டு படங்களையும் வெட்டாமல் காட்டினான். அவள் அழவில்லை. "சுவத்துல மாட்டினேனே, அதுலயுமா?" என்று மட்டும் கேட்டாள். அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"மறைச்சு எங்கிட்ட குடுத்தீங்க."

"நீ சந்தோஷமா இருந்தே."

அவள் எழுந்துபோய் அப்பாவின் அறையில் ஒரு நாற்காலியைப் போட்டு, அவர் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் பிடித்துக்கொண்டாள். "நாம விடாம பிடிச்சுக்கிட்டா அவளுக்கு எங்க இடம் இருக்கும்? பார்க்கலாம்" என்றாள்.

இருவரும் லீவு போட்டுவிட்டு முறை வைத்துப் பிடித்தார்கள். சாப்பிடும்போது, தூங்கும்போது, பாத்ரூம் கதவு வரைக்கும். அரை நாளில் நடுக்கம் திரும்பியது. ஆறு வருடத்தில் இல்லாத மூர்க்கத்தோடு திரும்பியது. கட்டில் கிரீச்சிட்டது. வாயில் வைத்த ஸ்பூன் பல்லில் மோதியது. இமைகள் மறுபடி அடித்துக்கொண்டன. அவள் சிரித்தாள், அழுதாள். அப்பாவின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஈர வாடை மறைந்தது.

மாமனார் மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள், அவள் மருந்து வாங்கக் கடைக்குப் போனபோதுதான் வாயைத் திறந்தார். முற்பகல் வெயில் அறை முழுக்க விழுந்திருந்தது.

"விடுங்க மாப்பிள்ளை."

"முடியாது மாமா. அவ உங்களைக் கொண்டு போயிடுவா."

"தெரியும்."

அவன் பிடியை இறுக்கினான். அவனுடைய மணிக்கட்டும் சேர்ந்து குலுங்கியது.

"உங்களுக்கு ஒரு நாளும் நடுங்கினதில்ல" என்றார் அவர். நடுக்கத்தில் வார்த்தைகள் துண்டு துண்டாக விழுந்தன. "உங்களுக்கு எப்படிச் சொல்றது? ஒரு டம்ளர் டீ. சிந்தாம. நானே குடிக்கறேன். அவ்ளோதான்."

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். சட்டையின் முன்புறம் காலையில் மகள் ஊட்டியது காய்ந்திருந்தது.

ஒரு கையால் அவரைப் பிடித்தபடியே, மனைவி வைத்துவிட்டுப் போன ஃபிளாஸ்க்கிலிருந்து டம்ளரில் டீ எடுத்தான். விளிம்பு வரை ஊற்றியிருந்தான்; ஏன் அப்படி ஊற்றினான் என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறான். டம்ளரை அவர் கையில் வைத்தான். பாதி அவர் தொடையில் கொட்டியது.

கையை எடுத்தான்.

மூன்றடி பின்னால் நகர்ந்து சுவரோடு நின்றான்.

வாடை வந்தது.

ஜன்னல் திரை அசையவில்லை. கதவு திறக்கவில்லை. ஆனால் அவர் சட்டைத் தோளில் துணி மெல்ல உள்ளே அமுங்கியது. ஒரு குழி. பிறகு பக்கத்தில் மூன்று.

டம்ளர் நின்றது.

அவர் அதை வாய்க்குக் கொண்டுபோய் ஒரு மிடறு குடித்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அவனைப் பார்த்து, வேலை முடித்த மனிதனைப் போலச் சிரித்தார். டம்ளரை நெஞ்சளவுக்கு இறக்கி நேராகப் பிடித்துக்கொண்டார்.

அப்படியே இருந்தார்.

"மாமா."

டீயின் மேற்பரப்பில் ஜன்னல் வெளிச்சம் ஒரு நாணயம் போலக் கிடந்தது. அது கலையவே இல்லை.

மனைவி திரும்பி வந்தபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனைப் பார்த்தாள், அப்பாவின் கையில் சமமாக நின்ற டம்ளரைப் பார்த்தாள். ஏன் விட்டீர்கள் என்று அவள் அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று அவனுக்குத் தோன்றும். வீட்டில் இப்போது எந்த அறையிலும் சத்தமில்லை.

கேமராவை எடுத்து அலமாரியில் போட்டுப் பூட்டினான். கறுப்புக் கண்ணாடியைச் சுத்தியலால் உடைத்துத் தூளைக் குப்பையில் கொட்டினான். ஐந்து மாதம் போனது.

அலுவலகத்தில் மேலாளர் ஓய்வு பெறுகிற நாள். முக்காலி இருக்கும்போது வெளியிலிருந்து ஆள் எதற்கு என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். மறுக்க முடியாமல் கேமராவை மட்டும் எடுத்துப் போனான், முக்காலியைத் தொடவில்லை. பகல் மூன்று மணி. கூட்ட அறையில் எல்லாரும் சேர்ந்து நின்றபோது கேமராவை ஆட்டோ செட்டிங்கில் வைத்து முகத்துக்கு நேரே நீட்டிப் பொத்தானை அழுத்தினான். அதற்கு ஒரு நொடி முன்னால்தான் யாரோ மேலாளரின் பழைய படங்களைத் திரையில் போடுவதற்காக ஜன்னல்களை மூடி விளக்கை அணைத்திருந்தார்கள்.

ஷட்டர் திறந்தது. மூடவில்லை. இருட்டுக்கு ஏற்றபடி கேமரா தானாகவே முப்பது வினாடி எடுத்துக்கொண்டிருந்தது. கையில் பிடித்து முப்பது வினாடி எடுத்தால் சேற்றைக் கரைத்து ஊற்றியது போலத்தான் வரும் என்று அவனுக்குத் தெரியும். நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்த விரல் வரவில்லை.

க்ளிக்.

திரையில் படம் வந்தது. மனிதர்கள் எல்லாரும் புகையாகக் கரைந்திருந்தார்கள். நாற்காலிகள், திரைச்சீலையின் ஒவ்வொரு மடிப்பும், சுவரில் தொங்கிய தீயணைப்புக் குடுவையில் பொடி எழுத்தில் இருந்த தேதியும், செதுக்கி வைத்தது போலத் தெளிவாக இருந்தன.

பக்கத்து மேசைக்காரர் தோள்வழியாக எட்டிப் பார்த்தார். "கையில பிடிச்சா எடுத்தே இதை? உனக்கு இனிமே முக்காலியே வேணாம்பா."

அவன் கையை இறக்க முயன்றான்.

இறங்கியது. ஆனால் உடனே அல்ல.